லெட்சுமி பெயருக்கு வந்த பதில்

பத்தாங் பெர்ஜுந்தாய் பட்டணத்தைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் மண்பாதை திரும்பும் இடத்தில் ஓர் அட்டை தொங்கியது. ‘திடல் படம். கார்கள் இந்தப் பக்கம்.’

துளசி வேகத்தைக் குறைத்தாள். மணி ஏழு. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. மரங்களுக்கு அடியில் மட்டும் இருட்டு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

“இதுதான் உங்க எஸ்டேட்டா மா? நீங்க இருந்த லயத்து வீடெல்லாம் எங்க?”

“இடிச்சிட்டாங்க” என்றாள் உஷாராணி.

பாதையின் இடது பக்கம், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய பழைய ஈயக்குட்டை கிடந்தது. இத்தனை வருடத்தில் அதையும் மூடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வந்தாள். மூடவில்லை. கரையில் கோரை மண்டியிருந்தது. தண்ணீர் அசைவில்லாமல், வானத்தைவிடக் கறுப்பாக இருந்தது.

உஷாராணிக்கு ஐம்பத்தொரு வயது. கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனை நடத்துகிறாள். இந்தத் திடலைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத்தான் துளசி வளர்ந்தாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வெள்ளைத் திரை கட்டிப் படம் போடுவார்கள். இரண்டு மைல் தள்ளியிருந்த லயத்திலிருந்து பிள்ளைகளை லோரியில் ஏற்றி வருவார்கள். உஷாராணியின் அம்மா முறுக்கைத் துணியில் முடிந்து தருவாள். திடலில் சிவப்புச் சர்பத் ஊற்றிய ஐஸ் உருண்டை கிடைக்கும். பழைய நோட்டுத் தாளைக் கூம்பாகச் சுருட்டி, சுடச்சுடக் கச்சாங் பூத்தே அள்ளிப் போடுவார்கள். உப்புக் கடலையும் வறுத்த பட்டாணியும் பல்லில் நொறுங்க, வாயைத் திறந்தபடி படம் பார்ப்பார்கள்.

“அப்புறம்?” என்று கேட்பாள் சின்னத் துளசி.

“அப்புறம் என்ன, வீட்டுக்கு வந்து தூங்கிடுவோம்.”

கதை அங்கேயே நின்றுவிடும். கடைசிப் படத்தைப் பற்றி உஷாராணி ஒருநாளும் சொன்னதில்லை.

திடலில் முப்பது கார்கள் வரிசையாக நின்றன. கையில் டார்ச் லைட்டோடு வழிகாட்டிக் கொண்டிருந்தவர் ஓடி வந்தார். அந்தக் காலத்தில் எஸ்டேட் ஆட்களை மேற்பார்த்த மண்டோர் தங்கராஜுவின் மகன் குமரவேல். இந்த ஒன்றுகூடலுக்கு ஏற்பாடு செய்ததும் அவர்தான்.

“உஷா! வந்துட்டியா தங்கச்சி! இருபது வருசமா கூப்பிடுறேன் லா.”

“நல்லாருக்கீங்களாண்ணே?”

“இருக்கேன். ஸ்பீக்கர் கெடையாது, பாத்துக்க. ரேடியோவத் தொறந்து வை, சத்தம் அதுலதான் வரும்.” அவர் கையில் மூலை மடங்கிய ஒரு பழைய நோட்டு இருந்தது. “அப்பாவோட நோட்டு. லோரி கெளம்புறதுக்கு முன்னால அவரு கூப்பிடுவாரே, அதே மாதிரி இடைவேளைல பேரு கூப்பிடப் போறேன். பழைய லோரிப் பிள்ளைங்க எல்லாம் பதில் சொல்லணும்.”

உஷாராணி அந்த நோட்டிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துளசி அதைக் கவனிக்கவில்லை. ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

படம் ஓடியது. ஏதோ ஒரு கறுப்பு வெள்ளைப் படம். உஷாராணி எதையும் பார்க்கவில்லை. காருக்குள் ஒரு வாடை வந்திருந்தது. சேறும் அழுகிய கோரையும் கலந்த வாடை. ஜன்னல்கள் மூடித்தான் இருந்தன.

இடைவேளையில் திரை வெளுத்தது. ரேடியோவில் குமரவேலின் குரல் கரகரத்தது. ஒவ்வொரு பெயராகப் படித்தார். கார்களிலிருந்து சிரிப்பும் ஹோன் சத்தமும் எழுந்தன.

“உஷாராணி.”

அவள் வாயைத் திறக்கவே இல்லை.

“இருக்கேன்.”

மெல்லிய குரல். பின் இருக்கையிலிருந்து வந்தது.

துளசி சிரித்தாள். “என்ன மா, சின்னப் பிள்ள மாதிரி குரல மாத்திப் பேசுறீங்க?”

உஷாராணி திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

ரேடியோவில் குமரவேல் ஒரு கணம் தயங்கினார். “லெட்சுமி” என்றார், தாழ்ந்த குரலில்.

திடலில் ஒரு ஹோன்கூட ஒலிக்கவில்லை.

உஷாராணி கதவைத் திறந்து இறங்கினாள். “கச்சாங் வாங்கிட்டு வரேன்” என்று வாயில் வந்ததைச் சொன்னாள். கச்சாங் கடைப் பக்கம் பத்தடி நடந்து, ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் லோரி நின்றது. படம் முடிந்திருந்தது. அவளுக்கும் லெட்சுமிக்கும் பத்து வயது. “இன்னொரு பொட்டலம் வாங்கிட்டு வா, நான் எடம் புடிச்சு வெக்கிறேன்” என்று லெட்சுமியை அனுப்பியவள் உஷாராணிதான். அதற்குள் மண்டோர் பெயர் படிக்க ஆரம்பித்துவிட்டார். லெட்சுமியின் பெயர் வந்தது. ஆள் இல்லை என்றால் மண்டோர் திட்டுவார், அம்மாவிடம் சொல்லிவிடுவார். இதோ ஓடி வந்து ஏறிவிடுவாள் என்று நினைத்து, உஷாராணி குரலை மாற்றி “இருக்கேன்” என்றாள்.

லோரி கிளம்பிவிட்டது. அப்போதாவது கத்தியிருக்கலாம். அவள் கத்தவில்லை.

இருட்டில் தனியாக லயத்துக்கு நடந்த லெட்சுமி, இரண்டு நாள் கழித்து ஈயக்குட்டையில் மிதந்தாள்.

பின்னால் ஓர் இன்ஜின் உறுமியது. உஷாராணி திரும்பினாள்.

துளசியின் கார் வரிசையைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது.

“துளசி!”

சிவப்பு விளக்குகள் மண்பாதைக்குள் திரும்பின. அவள் பின்னால் ஓடினாள். செருப்பு கழன்று விழுந்தது. ஓடியபடியே கைப்பேசியில் அழைத்தாள்.

“அம்மா?” துளசியின் குரலில் குழப்பம். “பின்னால உக்காந்துகிட்டு எதுக்கு மா கால் பண்றீங்க?”

உஷாராணியின் கால்கள் நின்றுவிட்டன.

“மயக்கமா இருக்கு, வீட்டுக்குப் போலாம்னு நீங்கதானே சொன்னீங்க…”

“துளசி, நான் திடல்ல நிக்கிறேன்.”

சக்கரங்கள் கல்லை நசுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, கைப்பேசிக்கு மிக அருகில், ஒரு பிள்ளையின் குரல்.

“நிறுத்தாத. போ.”

“மா, பிரேக் புடிக்கல!” துளசி அலறினாள். “மா, தண்ணி…”

தொடர்பு அறுந்தது.

உஷாராணி திரையை நோக்கி ஓடினாள். குமரவேலின் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். காரில் ரேடியோ அணைக்கப்படவில்லை. அது மட்டும்தான் அவளுக்கு நினைவிருந்தது.

“லெட்சுமி!”

முப்பது கார்களிலிருந்தும் அவள் குரல் அவளுக்கே திரும்பி வந்தது.

“லெட்சுமி, நான் உஷா. ஒன் பேருக்கு நான்தான்டி பதில் சொன்னேன். மண்டோர் உன்ன விட்டுட்டுப் போகல. அவரு கூப்பிட்டாரு. நான்தான் இருக்கேன்னு சொன்னேன். லோரி கெளம்பினப்பவும் வாயத் தொறக்கல. பயந்துட்டேன். இத்தனை வருசமா யார்கிட்டயும் சொல்லல. இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்றேன். என் பிள்ளைய விட்டுரு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

யாரும் அசையவில்லை. செம்பனை ஓலைகள்கூட அசையவில்லை.

தூரத்தில், குட்டைப் பக்கம், ஒரு கார்க் கதவு திறந்தது. மெதுவாக மூடியது.

ஆண்கள் டார்ச் லைட்டோடு ஓடினார்கள். காரின் முன் சக்கரங்கள் கோரைக்குள் இறங்கியிருந்தன. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் தண்ணீர். துளசி ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காயம் எதுவும் இல்லை.

“ஒங்க குரல் ரேடியோல கேட்டுச்சு மா” என்றாள். “அதுவரைக்கும் கார் ஊர்ந்துகிட்டே இருந்துச்சு, ஒடனே பிரேக் புடிச்சிருச்சு.”

காரைக் கயிறு கட்டிப் பின்னுக்கு இழுத்தார்கள். குமரவேல் மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. திடலிலேயே, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார். உஷாராணி போய் அவர் எதிரில் மண்டியிட்டாள்.

“அண்ணே…”

“குடிச்சிட்டுப் பேரு படிச்சான்னு சொல்லி அப்பாவ வேலைய விட்டுத் தூக்கினாங்க” என்றார் அவர், அவளைப் பார்க்காமல். “எங்கப்பா குடிக்கவே மாட்டாரு, உஷா. ‘அந்தப் புள்ள பதில் சொல்லுச்சுடா, என் காதால கேட்டேன்’னு சாகுற அன்னிக்கும் சொன்னாரு. நான்கூட நம்பல. பெத்த மகன், நானே நம்பல.”

அவள் அழுதாள். அவர் அவளைத் தேற்றவில்லை. நோட்டை மூடிவிட்டு, “பிள்ளையக் கூட்டிட்டுக் கெளம்பு” என்று மட்டும் சொன்னார்.

உஷாராணி காரை ஓட்டினாள். துளசி பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். குட்டையைத் தாண்டியபோது உஷாராணி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தார்ச்சாலை வந்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஈஜோக் சாலையின் விளக்குகள் தெரிந்தபோது கார் ஒலிக்க ஆரம்பித்தது.

டிங். டிங். டிங்.

“என்ன சத்தம் அது?”

துளசி எழுந்து முன்பலகையைப் பார்த்தாள். அங்கே ஒரு சிறிய சிவப்பு அடையாளம் மின்னிக்கொண்டிருந்தது.

“பின் சீட்டு மா” என்றாள் கிசுகிசுப்பாக. “யாரோ பெல்ட் போடலயாம்.”

உஷாராணி விளக்குக் கம்பத்தடியில் காரை நிறுத்தினாள். துளசி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். உஷாராணி அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு இறங்கி, பின் கதவைத் திறந்தாள்.

இருக்கை காலியாக இருந்தது.

டிங். டிங். டிங்.

அவள் பெல்ட்டை இழுத்து, காலி இருக்கையின் குறுக்கே கொண்டுபோய்ப் பூட்டினாள்.

சத்தம் நின்றது.

கையை எடுத்தாள். பெல்ட் சுருங்கிப்போய் இருக்கையில் படிந்திருக்க வேண்டும். படியவில்லை. ஒரு சாண் முன்னால், எதன் மீதோ வளைந்து நின்றது.

பிறகு மெதுவாக உயர்ந்து தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்து தாழ்ந்தது, தூங்கும் பிள்ளையின் வயிற்றைப் போல.