பேச்சு மூச்சு

"என் வீட்டுக்காரர் மேல தப்பில்லைன்னு நிரூபிக்கணும்," என்றாள் அவள். பல நாள் கழித்து அவள் வாய் திறந்து பேசியது இதுதான்.

துப்பறிவாளர் தண்ணீர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். 'பட்டாசு' என்று பேரெடுத்த உதவியாளப் பெண் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள்.

கணவன் இறந்தது ரீபிரீதர் மாட்டி முக்குளிக்கும் பயிற்சியில். விடும் மூச்சையே சுத்தம் செய்து, ஆக்சிஜன் சேர்த்துத் திருப்பித் தரும் கருவி அது. உடலை வெளியே எடுத்தபோது ஆக்சிஜன் வால்வு மூடியிருந்தது. நீருக்கடியில் பதறிப்போய் அவரே மூடியிருப்பார் என்றார் பயிற்சியாளர். முக்குளிப்போர் சங்கமும் அப்படியே முடிவு கட்டியது.

"இறங்கறதுக்கு முன்னாடி சோதனை கிடையாதா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"உண்டு. மூக்கை அடைச்சுக்கிட்டு, குழாயை வாயில கவ்வி, கொஞ்ச நேரம் மூச்சு விட்டு மீட்டரைப் பாக்கணும். வால்வு மூடியிருந்தா கரையிலயே தெரிஞ்சிடும். அன்னிக்கு இவர் லேட்டா வந்தாலும், கருவியை மாட்டினதும் சோதனையை முடிச்சிட்டுத்தான் குதிச்சார்னு பயிற்சியாளர் சொல்றார்."

"பயிற்சியாளர் உங்ககிட்ட வேற ஏதாவது சொன்னாரா?"

அவள் தயங்கினாள். கணவனின் கடைசிப் பேச்சு என்று அவளிடம் இருந்த ஒரே சொத்து அது. அவர் இறந்ததற்கு முதல் நாள் இரவு வீட்டு ஃபிரிட்ஜ் திடீரென்று உறும ஆரம்பித்தது. மெக்கானிக்கைக் கூப்பிடுவது யார் என்று சண்டை. காலையில் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"துக்கம் கேக்க வந்தப்ப சொன்னார். 'சோதனை முடியற வரைக்கும் உங்களைப் பத்தியேதான் பேச்சு அண்ணி. அவ பேசலைன்னா வீட்ல ஃபிரிட்ஜ்தான் பேசுதுன்னு சிரிச்சார்'னார்."

துப்பறிவாளர் கண்களை மூடித் திறந்தார். "அவரை வரச் சொல்லு, பட்டாசு."

பயிற்சியாளர் வந்து, சங்கத்தில் சொன்னதையே மறுபடி ஒப்பித்தார்.

"குழாயைக் கவ்வின வாயால எப்படிப் பேசினார்?" துப்பறிவாளரின் குரல் உயரவில்லை. "பேசியிருந்தா சோதனை நடக்கலை. சோதனை நடந்திருந்தா அவர் பேசலை. ரெண்டுல எது?"

"அதானே!" என்றாள் பட்டாசு.

பயிற்சியாளர் அவள் பக்கம் திரும்பினார். "அது... சும்மா ஆறுதலுக்குச் சொன்னது, அண்ணி. அவர் எதுவும் பேசலை."

அவளுக்கு உள்ளே ஏதோ அணைந்தது. தலையாட்டிவிட்டால் அந்தக் கடைசிச் சிரிப்பும் போய்விடும். பழியும் கணவன் மேலேயே நிற்கும்.

"எங்க ஃபிரிட்ஜ் சத்தம் போடுறது அவர் சொல்லாம உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மெதுவாக. "அது முந்தின ராத்திரிதானே ஆரம்பிச்சது?"

பயிற்சியாளர் நாற்காலியில் சரிந்தார். "மத்தவங்க காத்துக்கிட்டிருந்தாங்க. விவரமானவர்தானேன்னு சோதனையை விட்டுட்டேன். மாட்டிக்கிட்டே பேசினார். நானும் சிரிச்சேன். வால்வை ரெண்டு பேருமே பாக்கலை."

தன்னைப் பற்றிப் பேசாமல் வாயை மூடியிருந்தால் கணவர் பிழைத்திருப்பாரோ என்று அவள் முணுமுணுத்தாள். பட்டாசு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. விளக்கைக்கூடப் போடாமல், ஒரு நாற்காலியை இழுத்து அதன் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.