மூன்றாவது கேள்விக்கு நாலாயிரம் தோல்வி

காலை ஏழு பத்துக்கு அருள்மொழியின் செல்போன் அலறியது.

கையெல்லாம் இட்லி மாவு. மூன்றாவது தடவை அலறிய பிறகுதான் எடுத்தாள்.

எடுக்காமலே இருந்திருக்கலாம்...

"அருளு... நம்ம செல்லப்பன் கெணத்துல மெதக்கறாரும்மா..."

எதிர்முனையில் செல்லப்பனின் பக்கத்து நிலத்துக்காரர். அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்று அருள்மொழிக்குத் தெரியாது. செல்போன் மாவுப் பாத்திரத்துக்குள் விழுந்திருந்தது.

செல்லப்பன். ஐம்பத்திரண்டு வயது. மனைவியைப் பறிகொடுத்தவர். ஒதியம்பட்டில் இரண்டு காணி நெல்லும் ஒரு கிணறும் அவர் சொத்து. ஆனால், ஊர் உலகம் அவரை அறிந்தது வேறு விதத்தில். 'அஞ்சறைப் புதிர்' என்கிற ஆன்லைன் சொல் விளையாட்டுக்குத் தினமும் ஐந்து கேள்வி எழுதுகிறவர். காலை ஆறு மணிக்குக் கேள்விகள் வரும். மறுநாள் ஆறு மணிக்கு விடைகள். மலேசியாவில்கூட அவர் கேள்விக்குக் காத்திருந்தார்கள்.

அவர் எழுதுவதை முதலில் ஆடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது அருள்மொழியின் வேலை. மூன்று வருஷமாக. அதற்காகத் தன் பாஸ்வேர்டையே அவளிடம் கொடுத்திருந்தார். 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு குறிப்புக்கு ஒரே விடை. தோற்றவன்கூட, 'அட, இது தோணாமப் போச்சே' என்று சிரிக்க வேண்டும். 'ஏமாத்திட்டான்' என்று திட்டக் கூடாது.

இருவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை. ஆடுகிறவர்கள் பேச்சு வழக்கில் தட்டினாலும் சரியென்று ஏற்கலாம் என்பார் அவர். எழுத்து தப்பினால் விடை தப்பு என்பாள் இவள்.

கடைசியில் இவள்தான் ஜெயித்தாள்.

சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து ஓடி வந்தான் தமிழ்க்குமரன். அருள்மொழியின் கணவன். எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட விவசாயி. விஷயத்தைக் கேட்டான். பிறகு அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"அயுவாத அருளு. விதி முடிஞ்சி போச்சி. நீ ஒண்ணும் துன்னாம கெடக்காத... ரெண்டு வாயப்பயமாவது துன்னு."

அவள் தின்னவில்லை. துடைத்தெடுத்த செல்போனில் அன்றைய புதிரைத் திறந்தாள்.

மறுபடியும் படித்தாள்.

நேற்று மதியம் அவள் சரிபார்த்துக் கொடுத்த ஐந்து கேள்விகள் அல்ல இவை. யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக விடை போட்டுப் பார்த்தாள். மனம். கசப்பு. மூன்றாவது கேள்வி, 'நெல் விளையும் இடம்.' கீழே மூன்று கட்டங்கள். நான்காவது, கிணறு. ஐந்தாவது, விடை.

மனம் கசந்து, கிணற்றில் விடைபெற்றுக்கொண்ட ஒருவரின் கடைசிக் கடிதம்.

பதினொரு மணிக்கு வில்லியனூர் ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. சகாயராணி வீட்டுக்கே வந்தபோது அதையேதான் சொன்னாள். தனியாள். துக்கம். கடைசியாக ஒரு புதிர். தற்கொலை என்று எழுதி முடித்தால், நாலு மணிக்கு உடலைக் கொடுத்துவிடலாம்.

"இது அவரு எழுதினது இல்ல மேடம்."

"எப்டிச் சொல்ற?"

அருள்மொழி மூன்றாவது கேள்வியைக் காட்டினாள். நெல் விளையும் இடம். வயல் என்றாலும் மூன்று எழுத்து. கழனி என்றாலும் மூன்று எழுத்து. ஒரு குறிப்புக்கு இரண்டு விடை வருகிற மாதிரி செல்லப்பன் உயிரே போனாலும் எழுத மாட்டார்.

"உயிருதான் போய்ட்டுதேம்மா" என்றாள் சகாயராணி.

"இதப் பாருங்க மேடம். நாலாயிரத்து முந்நூறு பேர் ஆடியிருக்காங்க. பாதிப் பேர் வயல்னு போட்டாங்க, தப்புன்னு வருது. மீதிப் பேர் கழனின்னு போட்டாங்க, அதுவும் தப்பு. மூணாவதுல ஒருத்தர்கூட ஜெயிக்கல. அண்ணன் யாரையும் இப்டித் தோக்கடிச்சதில்ல."

ஒரு கேள்விக்காகக் கொலைக் கேஸ் போட்டால் தன்னை டவுனில் பார்த்துச் சிரிப்பார்கள் என்றாள் சகாயராணி. ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

அருள்மொழி தன் சந்தேகத்தைச் சொன்னாள். ராஜ்மோகன். விளையாட்டின் முதலாளி, புதுச்சேரி டவுன்காரர். ஆடுகிறவர்கள் திணறினால்தான் துப்புக்காக விளம்பரம் பார்ப்பார்கள், அதனால் கேள்விகளைக் குழப்பு என்று ஆறு மாதமாகச் செல்லப்பனை நெருக்கியவர். முடியாது என்று மறுத்துவிட்டார் செல்லப்பன்.

சகாயராணி ராஜ்மோகனைப் போனில் பிடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். நேற்று முழுக்கச் சென்னையில் ஒரு கல்யாணத்தில் இருந்ததாகவும், இருநூறு பேர் சாட்சி என்றும் பதறினார் அவர்.

"அந்தப் புதிர எத்தினி மணிக்குப் போட்டாங்க?"

"நேத்து சாயங்காலம் ஆறு நாப்பத்திரண்டு மேடம். செல்லப்பன் லாகின்லதான்."

சகாயராணியின் முகம் மாறியது. செல்லப்பனின் செல்போன் ஐந்து ஐம்பதுக்கே அவரோடு கிணற்றுக்குள் போய் அணைந்திருந்தது. போலீஸ் அதை விசாரித்து வைத்திருந்தது.

செத்தவன் ஐம்பது நிமிஷம் கழித்துப் புதிர் போட மாட்டான்...

கொலை!

அருள்மொழி கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். அண்ணன் தற்கொலை செய்துகொள்ளவில்லை. அது ஒன்றாவது நிலைத்தது.

"எந்த மெஷின்லேர்ந்து போட்டாங்க?"

ராஜ்மோகன் கொஞ்சம் தயங்கினார்.

"அருள்மொழி லேப்டாப்லேர்ந்து மேடம்."

சகாயராணி அருள்மொழி பக்கம் திரும்பினாள்.

"நேத்து ஆறு நாப்பத்திரண்டுக்கு எங்க இருந்த?" என்றாள் சகாயராணி. 'அம்மா' காணாமல் போயிருந்தது.

பிரதோஷத்துக்கு வில்லியனூர் கோயிலுக்குப் போயிருந்தாள் அருள்மொழி. தனியாகத்தான். கூட்டத்தில் யார் பார்த்தார்கள் என்று கேட்டால் யாரைக் காட்டுவாள்? லேப்டாப் அவளுடையது. பாஸ்வேர்டு தெரிந்தவள் அவள். கேள்வி எழுதத் தெரிந்தவளும் அவள். கொலை என்று நிரூபிக்க அவள் அடுக்கியதெல்லாம் அவள் தலையிலேயே வந்து விழுந்தது.

"அவ போய் இன்னா மேடம் பண்ணுவா... கோயிலுக்குத்தான் போனா" என்று முன்னால் வந்தான் தமிழ்க்குமரன்.

"நீ சும்மா இருப்பா."

அருள்மொழிக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. வயலும் இல்லை, கழனியும் இல்லை. அப்படியானால் அந்த விடைதான் என்ன? மறுநாள் காலை வரை விடைப் பட்டியல் முதலாளிக்கு மட்டும்தான் திறக்கும்.

"சார்... மூணாவதுக்கு என்ன விடை வச்சிருக்குன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

ராஜ்மோகன் விடைப் பட்டியலைத் திறந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"க... ய... னி. கயனியா? இது என்ன வார்த்தை?"

டவுன்காரருக்குப் புரியவில்லை. அருள்மொழிக்குப் புரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்து, நெஞ்சுக்குள் இறங்கியது. மேஜை மேல் இருந்த வாழைப்பழத்தைப் பார்த்தாள். காலையில் அவன் 'வாயப்பயம்' என்று சொல்லிக் கொண்டு வந்து வைத்த பழம்.

பேசாமல் இருந்துவிடலாம். ஜெயிலுக்குப் போய்விடலாம். ஒரு நிமிஷம் அவள் நிஜமாகவே அப்படி நினைத்தாள்.

பிறகு தன் செல்போனை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள்.

"இதுல கழனின்னு ஒரு தடவ அடிச்சிக் காட்டுங்க."

"இன்னாத்துக்கு அருளு?"

"எனக்காக."

இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் தமிழில் வருகிற கீபோர்டு. அவளுடைய லேப்டாப்பிலும் அதுதான். தமிழ்க்குமரன் ஒற்றை விரலால், வாயால் முணுமுணுத்துக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். கே... ஏ... ஒய்...

திரையில் விழுந்தது, 'கயனி'.

"சரிதான?" என்று கேட்டான்.

அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக எழுத்துப் பிழை பார்க்கிறவளுடன் குடித்தனம் நடத்தியும் அது தப்பு என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்குத்தான் அருள்மொழி அழுதாள். அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. செல்போனை மேஜை மேல் வைத்தான்.

சகாயராணி மெதுவாக எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"ஏன்?" என்றாள் அருள்மொழி.

தமிழ்க்குமரன் தரையைப் பார்த்துப் பேசினான்.

"தெனம் போன்ல ரெண்டு பேரும் சிரிப்பீங்க. இன்னா சிரிப்புன்னு கேட்டா, உங்களுக்குப் புரியாதுன்னுவ. நான் பேசனா தப்பு, எயுதனா தப்பு. என் வூட்லயே நான் முட்டாளு. நேத்து கெணத்துமோட்டுல அவருகிட்ட நேராவே கேட்டேன்... அவரு அப்பவும் சிரிச்சாரு. புடிச்சித் தள்ளிட்டேன். அவரே செத்தாருன்னு எல்லாரும் நெனைக்கட்டும்னு, தொறந்து கெடந்த உன் லேப்டாப்புல கேள்விய மாத்திட்டேன்."

அவர்கள் சிரித்ததெல்லாம் வார்த்தைகளைப் பார்த்துத்தான். அதை இனி யாரிடம் சொல்லி என்ன? போனவர் வரப் போவதில்லை. இருப்பவனும் இனி இல்லை. செல்லப்பன் சொன்னபடி பேச்சு வழக்கை ஏற்றிருந்தால், கழனி என்று போட்டவர்கள் எல்லாம் ஜெயித்திருப்பார்கள். விடைப் பட்டியலை யாரும் திறந்திருக்கவும் மாட்டார்கள். அவளுடைய சட்டம்தான் அவள் புருஷனைப் பிடித்துக் கொடுத்திருந்தது.

சகாயராணி நோட்டைப் பிரித்தாள்.

"பேரு?"

"தமியுக்குமரன்."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அவளே திருத்தி எழுதிக்கொண்டாள்.

"நாலாயிரத்து முந்நூறு பேர் தோத்த கேள்விக்கு சரியா விடை போட்ட ஒரே ஆளு நீதாம்பா... வா, பரிசு ஸ்டேஷன்ல இருக்குது."