அக்காவின் சிவப்புப் பொத்தான்

அந்த வீட்டில் அதிகம் பேசுகிறவள் வாயாடி. நான்காம் வகுப்பு படிக்கிறாள். தூக்கத்தில்கூடப் பேசுவாள். அவளுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசுகிறவள் அவளுடைய அக்கா. ஆனால் அக்காவால் வாயைத் திறந்து பேச முடியாது.

அக்காவின் கையும் காலும் நாக்கும் பிறந்ததிலிருந்தே அவள் சொல்பேச்சு கேட்பதில்லை. சக்கர நாற்காலியில்தான் இருப்பாள். நாற்காலியின் தலைச் சாய்வில், அவள் கன்னத்தை ஒட்டி, ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். அதிலிருந்து ஒரு வயர் மேசைமேல் இருக்கும் கறுப்புப் பெட்டிக்குப் போகும். சோப்பு டப்பா அளவுதான் அந்தப் பெட்டி. அங்கிருந்து இன்னொரு வயர் கணினிக்குப் போகும். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து ஒளிரும்போது அக்கா கன்னத்தால் பொத்தானை அழுத்துவாள். எழுத்துகள் சேர்ந்து வாக்கியமானதும் கணினி அதைச் சத்தமாகப் படிக்கும்.

அந்தக் குரல் செய்தி வாசிப்பவருடையதுபோல் விறைப்பாக இருக்கும். பொத்தான் வந்த அன்று அக்கா முதன்முதலாகச் சொன்னது, "வாயாடி, கொஞ்சம் மூச்சு விடு." அன்றிலிருந்து தங்கைக்கு அதுவே பெயராகிவிட்டது.

சனிக்கிழமை வந்தது வம்பு.

சில நாட்களாகவே திரையில் ஒரு கட்டம் வந்து எழுத்துகளை மறைத்துக்கொண்டிருந்தது. 'உங்கள் கணினிக்குப் புதிய இயங்குதளம் தயார். இப்போதே மாற்றலாமா, பிறகா?' அக்கா பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து நிற்கும். யாராவது ஓடிவந்து 'பிறகு' என்பதை அழுத்த வேண்டும். அக்காவை அம்மா குளிக்க வைக்கக் கூட்டிப்போன நேரத்தில் வாயாடி யோசித்தாள். ஒரே தடவை 'இப்போதே' என்று அழுத்திவிட்டால் அக்காவுக்கு இந்தத் தொல்லையே இருக்காதே.

அழுத்தினாள். 'இடம் போதவில்லை. பழைய கோப்புகளை நீக்கலாமா?' என்று கேட்டது. பழசுதானே என்று அதற்கும் சரி சொன்னாள்.

அக்கா குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது திரையில் புதுப் படம் ஒன்று இருந்தது. நீல ஏரி, அதன் நடுவே ஒரு படகு.

"பாரு அக்கா, எவ்வளவு அழகா இருக்கு. இனிமே அந்தக் கட்டம் வரவே வராது. நான்தான் மாத்தினேன்."

அக்கா பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். 'டக், டக்' என்று பொத்தான் மட்டும் சத்தம் போட்டது. திரையின் மூலையில் ஒரு வரி வந்தது. 'அறியாத கருவி. பொருத்தமான டிரைவர் இல்லை.'

அம்மா வந்து பார்த்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"என்னடி பண்ணே?"

வாயாடி ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமை அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் நேர்முகம்.

அக்கா இதுவரை பள்ளிக்கூடம் போனதே இல்லை. வீட்டில்தான் படித்தாள். இதற்கு முன் கேட்ட பள்ளிகள் எல்லாம், "எங்களுக்கு வசதிப்படாதுங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டன. இந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை மட்டும் வேறு மாதிரி சொன்னார். "நான் கேட்கிறதுக்கு அம்மா பதில் சொல்லக் கூடாது. பொண்ணே சொல்லணும். சொல்லிட்டா எட்டாம் வகுப்பில் இடம் உண்டு." அதைக் கேட்ட நாளிலிருந்து அக்கா தினமும் பதில்களை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளிடம் இருப்பது கண்கள் மட்டும்தான். மேலே பார்த்தால் 'ஆமாம்'. கண்ணை மூடினால் 'இல்லை'. பொத்தான் வருவதற்கு முன்னால் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். பசிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்பதற்கெல்லாம் அது போதும். நேர்முகத்துக்குப் போதாது.

அப்பா தெருமுனைக் கடையிலிருந்து கம்ப்யூட்டர் மாமாவை அழைத்து வந்தார். கம்ப்யூட்டர் மாமா சட்டைப் பையில் எப்போதும் சின்னத் திருப்புளி வைத்திருப்பார். வந்ததும் கறுப்புப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"டிரைவர்னா யாரு மாமா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாயாடி கேட்டாள்.

"யாரும் இல்லம்மா, அது ஒரு சின்ன நிரல். இந்தப் பெட்டி ஒரு பாஷை பேசும், கம்ப்யூட்டர் ஒரு பாஷை பேசும். நடுவுல நின்னு இது சொல்றதை அதுக்குப் புரிய வைக்கிறதுதான் டிரைவர். நீ சிஸ்டத்தை மாத்தினதும் கம்ப்யூட்டர் வேற பாஷைக்குப் போயிடுச்சு. பழைய டிரைவரையும் நீயே அழிச்சிட்டே."

"புதுசு ஒண்ணு கிடைக்காதா?"

"இதைச் செஞ்ச கம்பெனி கொடுக்கணும். எந்த கம்பெனின்னுதான் தெரியல. மேலே இருந்த எழுத்தெல்லாம் தேய்ஞ்சு போச்சே." அவர் பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

அக்கா சட்டென்று மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"லைட் கண்ணு கூசுது போல இருக்கு," என்று கம்ப்யூட்டர் மாமா எழுந்து விளக்கை அணைத்தார். பெட்டியைப் பழையபடி மேசைமேல் வைத்தார்.

அப்பா பழைய ரசீதைத் தேடி எடுத்து அதிலிருந்த எண்ணுக்குப் பேசினார். கம்பெனியை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்குப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிக்கொடுத்த பேச்சுப் பயிற்சி டீச்சரின் எண்ணில் பதிலே இல்லை. அவர் வெளிநாடு போய்விட்டார். புதுப் பெட்டி வாங்கினாலும் வந்து சேர ஒரு மாதம் ஆகுமாம்.

"லிஃப்டா இருந்தா கழற்றிப் போட்டு நானே சரி பண்ணிடுவேன்," என்றார் அப்பா. லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவர் வேலை. "இதுல கழற்றிப் பார்க்கிறதுக்கே ஒண்ணும் இல்லையே."

அக்கா கழுத்தை வளைத்துப் பெட்டியையே பார்த்தாள். கழுத்து வலிக்கிறது போலும் என்று அம்மா தலையணையைச் சரிசெய்தாள். மறுபடியும் பார்த்தாள். புழுக்கமாக இருக்கிறது போலும் என்று அப்பா மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பினார்.

கம்ப்யூட்டர் மாமா இணையத்தில் தேடித் தேடி ஏதேதோ டிரைவர்களை இறக்கிப் பார்த்தார். ஒன்று, 'இந்தக் கருவிக்கு உரியதல்ல' என்றது. ஒன்று கணினியையே உறைய வைத்தது. இன்னொன்றைப் போட்டதும் பக்கத்து அறையில் இருந்த பிரிண்டர் தானாக ஒரு வெள்ளைத் தாளைத் துப்பியது. வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவர் வந்தார். பெட்டியை இப்படிச் செருகினார், அப்படிச் செருகினார். மதியம் திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. என்னால முடியலைங்க."

அவர் போன பிறகு அம்மா தொலைபேசியைக் கையில் எடுத்தாள்.

"தலைமை ஆசிரியைகிட்ட நாளைக்கு வரலைன்னு சொல்லிடறேன். அங்க போய் இவ பேசாம உட்கார்ந்திருந்தா, இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சிடுவாங்க. அதை என்னால பார்க்க முடியாது."

"வேற நாள் கேட்டுப் பாரு," என்றார் அப்பா.

"சேர்க்கை நாளையோட முடியுது. அடுத்த வருஷம்தான்."

அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அவளால் துடைத்துக்கொள்ள முடியாது. அம்மா துடைத்துவிட்டாள். "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். அக்கா கண்ணை மூடினாள். "படுத்துக்கிறியா?" மூடிய கண் திறக்கவில்லை. அதன்பிறகு அக்கா பெட்டியைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

அம்மாவும் அப்பாவும் சமையலறைக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். வாயாடி நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் வேணும்னு பண்ணலை. நீ பேசும்போது அந்தக் கட்டம் வந்துட்டே இருந்ததா, அதான். என் குரலை எடுத்து உனக்குக் குடுக்க முடியும்னா இப்பவே குடுத்துடுவேன். நான் ஒரு வருஷம் பேசாம இருக்கேன். சத்தியமா. என்மேல கோவமா? கோவமா இரு. திட்டணும்னா திட்டு. ஐயோ, திட்டவும் முடியாதே."

சொல்லிக்கொண்டே போனாள். போகப் போக அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. பிறந்ததிலிருந்து அவளுக்கு அப்படி ஆனதே இல்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். கணினியின் சின்ன விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

நிமிர்ந்தபோது அக்கா கண்ணைத் திறந்திருந்தாள். வாயாடியைப் பார்த்தாள். பிறகு கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். மறுபடி வாயாடியைப் பார்த்தாள்.

வாயாடி எழுந்து நின்றாள். நேற்றிலிருந்து எல்லோரும் எல்லோரையும் கேட்டார்கள். கடைக்காரரைக் கேட்டார்கள், மூடிப்போன கம்பெனியைக் கேட்டார்கள். அக்காவிடம் தண்ணீர் வேண்டுமா என்பதைத் தவிர யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

அக்கா மேலே பார்த்தாள். ஆமாம்.

வாயாடி பிரிண்டர் துப்பிய வெள்ளைத் தாளை எடுத்து, முன்பு திரையில் இருந்ததுபோலவே எழுத்துகளை வரிசையாக எழுதினாள். விரலை ஒவ்வொன்றின்மேலும் வைத்து நகர்த்தினாள். 'ர'வில் விரல் வந்தபோது அக்கா மேலே பார்த்தாள்.

"ர. ரசீதா? அப்பாகிட்ட இருக்கே."

கண் மூடியது. இல்லை.

"ரகசியமா?"

இல்லை.

"ரயிலா? ரயில் எதுக்கு?"

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் கணினியில் பேசினால் இந்த இடத்தில் என்ன சொல்வாள் என்று வாயாடிக்குத் தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டு விரலை மட்டும் நகர்த்தினாள். 'ப்' வந்தது. பிறகு 'ப'. பிறகு 'ர்'.

ரப்பர். வாயாடி ஓடிப்போய்த் தன் பென்சில் பெட்டியிலிருந்து அழிரப்பரை எடுத்துவந்து அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா அதைப் பார்த்த பார்வையில், இரண்டு நாளில் முதல்தடவையாக, சிரிப்புபோல ஏதோ இருந்தது. கண்ணை மூடினாள்.

மறுபடி விரல் நகர்ந்தது. கீ. ழே.

ரப்பர், கீழே. வாயாடி கறுப்புப் பெட்டியைக் கையில் எடுத்தாள். கவிழ்த்தாள். மூலைகளில் மேசையில் வழுக்காமல் இருக்க வட்ட வட்டமாக ரப்பர் ஒட்டியிருந்தது.

"இதுவா?"

அக்கா மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாயாடி நகத்தால் ஒரு ரப்பரைக் கிளப்பினாள். வெறும் பசை. இன்னொன்றைக் கிளப்பினாள். அதற்கு அடியில் ஒரு குழி, குழிக்குள் எள் அளவுக்கு ஒரு வெள்ளை சுவிட்ச். அதைப் பென்சில் முனையால் மெல்ல அந்தப் பக்கம் தள்ளினாள்.

கணினி 'டிங்' என்றது. திரையில் புது வரி வந்தது. 'விசைப்பலகை இணைக்கப்பட்டது.'

அக்கா கன்னத்தால் பொத்தானை அழுத்தினாள். எழுத்துகள் ஓடத் தொடங்கின. சமையலறையிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள், பின்னாலேயே அப்பா. எல்லோரும் நின்றார்கள். அக்கா வாக்கியத்தைப் பொறுமையாக முடித்தாள்.

"பயிற்சி டீச்சர் பெட்டியை மாட்டும்போதே சொன்னாங்க," என்றது விறைப்பான குரல். "டிரைவர் தகராறு பண்ணினா ரப்பருக்கு அடியில் இருக்கிற சுவிட்சைத் தள்ளுங்க. பெட்டி கீபோர்டா மாறிடும். கீபோர்டு டிரைவர் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும். அம்மா டீ போடப் போனீங்க. அப்பா போனில் பேசினீங்க. வாயாடி டீச்சரிடம் பூனைக் கதை சொன்னா. நான் கேட்டேன்."

அம்மா அக்காவின் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ பார்த்துக்கிட்டே இருந்தியே. நான் தலையணையை நகர்த்திக்கிட்டு இருந்தேனே."

முன்புபோல எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பழைய டிரைவர் கன்னத்தின் நடுக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கீபோர்டுக்கு அந்த இரக்கம் இல்லை. கன்னம் நடுங்கினால் ஒரே எழுத்து இரண்டு தடவை விழுந்தது. அக்கா அழித்து அழித்து எழுத வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையின் அறையிலும் அப்படித்தான். "உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?" என்று அவர் கேட்டார். அக்கா எழுதினாள், அழித்தாள், எழுதினாள். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. அறிவியல் என்று வாயாடிக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா புடவை முனையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அறிவியல். எலும்புகள் பற்றிய பாடம் ரொம்பரொம்பப் பிடிக்கும்," என்றது குரல்.

தலைமை ஆசிரியை அடுத்ததைக் கேட்டார். அதற்கடுத்ததையும் கேட்டார். அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கணினியைப் பார்க்காமல் அக்காவின் முகத்தையே பார்த்தார். கடைசியில் மேசை இழுப்பறையைத் திறந்து சேர்க்கைப் படிவத்தை எடுத்தார். அம்மா மூச்சு விட்டாள்.

"என்னைக் கேட்க உனக்கு ஏதாவது இருக்கா?" என்றார் தலைமை ஆசிரியை.

அக்கா நீண்ட நேரம் எழுதினாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இங்கே டாக்டர் இருக்காங்களா? என் தங்கச்சி உள்ளே வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசலை. பயமா இருக்கு."

தலைமை ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வாயாடியால்தான் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கையை எடுத்தால் அழுகை வந்துவிடும்போல் இருந்தது. பொத்திய கை பொத்தியபடியே, அக்காவைப் பார்த்து, கண்ணை மட்டும் மேலே உயர்த்திக் காட்டினாள்.