கிரகாமுக்கு நிலம் கொடுத்த கிழவர்

கல்சோங் லெய்வியின் வாசலில் வந்து நின்றபோது அவன் இடது கன்னம் வீங்கியிருந்தது. அடித்தது சொந்தத் தம்பி.

"மாமா நிலத்த நான்தான் வெள்ளைக்காரனுக்குத் தள்ளிவிட்டேன்னு ஊரே சொல்லுதுக்கா. சர்ச்சுல என் பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டேங்கிறாங்க."

வனுவாட்டுத் தலைநகர் போர்ட் விலாவின் போலீஸில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் லெய்வி. அவனை உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். உடனிருந்த மினிபஸ் டிரைவர் தாமஸ், துப்பு என்றால் வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு வருகிறவர்.

கடலோரத்தில் அவர்கள் குடும்பத்து வள்ளிக்கிழங்குத் தோட்டம். அதைச் சுற்றித் திடீரென்று கம்பிவேலி எழுந்துவிட்டது. தோட்டத்தோடு இரண்டு கல்லறைகளும் உள்ளே போய்விட்டன. வனுவாட்டு மண்ணை வெளிநாட்டார் வாங்க முடியாது. பரம்பரை உரிமையாளர் சம்மதித்தால் எழுபத்தைந்து ஆண்டுவரை குத்தகைக்கு எடுக்கலாம். உரிமையாளரான மாமா கல்தாபா, எதிலும் விரல் வைக்கவில்லை என்று ஊர் மன்றமான ஃபரேயாவில் சத்தியம் செய்தார். அவர் தன்னோடு கவா என்னும் மயக்க வேர்ச்சாற்றைக் குடித்துவிட்டு ரேகை வைத்ததைக் கண்ணால் பார்த்ததாகக் குத்தகைதாரர் கிரகாம் சொன்னார். கிரகாமுக்குப் படகு ஓட்டியவன் கல்சோங். அதனால், மாமாவுக்குக் குடிக்கக் கொடுத்து அவன்தான் காரியத்தை முடித்தான் என்று ஊர் தீர்ப்பெழுதிவிட்டது.

"கெழவர் மறந்திருப்பாரு சார்ஜெண்ட், வயசாச்சுல்ல?" என்றார் தாமஸ்.

"உங்க நிலத்துக்கு விரல் வச்சா நீங்க மறப்பீங்களா? வண்டிய எடுங்க."

கிரகாம் அவர்களை மரியாதையாகவே வரவேற்றார். வாசலில் செதுக்கிய பலகை ஒன்று தொங்கியது: 'கமாலி'. லெய்வி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆண்கள் கூடும் மன்றத்துக்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டபோது பெரியவரே சொல்லித்தந்தது என்று கிரகாம் பெருமைப்பட்டார். பவழத் துண்டால் கவா வேரை அவர் தன் கையாலேயே அரைத்தும் கொடுத்தாராம். சந்திப்பு நடந்தது தரகர் மார்செலின் தோட்டத்தில். பெரியவருக்கு நடக்க முடியாது, ஊருக்குள் போய்த் தொந்தரவு செய்யவேண்டாம் என்று மார்செல் சொல்லியிருந்தார்.

செலவைப் பற்றியும் கேட்டார் லெய்வி. முத்திரை வரி, வக்கீல், நில அளவை என்று அடுக்கிய கிரகாம், எல்லாவற்றையும்விட மார்செலின் தரகே அதிகம் என்று சலித்துக்கொண்டார். குத்தகை முடிந்ததும், கிரகாம் கட்டும் வீட்டின் விலையை உரிமையாளர் கொடுத்தால்தான் நிலம் திரும்பும் என்றும் எழுதியிருந்ததாம். தாமஸ் பல்லைக் கடித்தார்.

போன வாரம் வேலியருகே யாரோ ஒரு கிழவர் வந்து கத்தியதாகவும், குடிகாரன் என்று நினைத்துப் போலீஸைக் கூப்பிட்டதாகவும் கிரகாம் சொன்னார். அந்த முகத்தை முன்பு பார்த்திருக்கிறாரா என்று லெய்வி கேட்டார். இல்லை என்றார்.

திரும்பும் வழியில் மார்செலின் தோட்டத்தில் நிறுத்தினார்கள். அவர் இல்லை. நரைத்த தலைக் காவலாளி தாபி கதவைத் திறந்தார். எந்தத் தீவு என்று லெய்வி சாதாரணமாகக் கேட்டார். வட பெண்டகாஸ்ட் என்றார் அவர். அதற்குமேல் லெய்வி எதுவும் கேட்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் ஃபரேயாவில் கூட்டினார். மார்செலும் வந்தார், பின்னால் லெய்வி வரச்சொல்லியிருந்த தாபி. வேலிக்காரனோடு ஒரே கூரையின்கீழ் உட்கார மறுத்த கல்தாபாவை லெய்விதான் சமாதானப்படுத்தி அழைத்துவந்தார்.

"மாமா, இந்த வீட்டுக்கு நம்ம பேச்சுல என்ன பேரு?"

"ஃபரேயா. கொழந்தைக்குக் கூடத் தெரியுமே."

"கமாலின்னு நீங்க சொல்லுவீங்களா?"

"நான் எதுக்கு இன்னொரு தீவுக்காரன் வார்த்தையச் சொல்லணும்?"

லெய்வி கிரகாம் பக்கம் திரும்பினார். "கமாலி வட பெண்டகாஸ்ட் வார்த்தை. பவழத்தால கவா அரைக்கிறதும் அவங்க வழக்கம். எங்க ஊர்ல இரும்புக் குழாய்ல இடிப்போம். உங்களுக்கு நிலம் குடுத்த கெழவர் இந்த ஊரே இல்ல. மார்செல்கிட்ட வேல செய்யுற பெண்டகாஸ்ட் ஆள் ஒருத்தர்தான்."

எல்லாக் கண்களும் தாபிமேல் விழுந்தன. அவர் தலை நிமிரவில்லை. "விருந்தாளிக்கு ஒரு நாடகம்னு மொதலாளி சொன்னாரு. விரல் வைக்கலன்னா வேல இல்ல, உன் தீவுக்குக் கப்பல் ஏறுன்னாரு. இங்க கல்லறை இருக்குறது எனக்குத் தெரியாது தாயி."

மார்செல் எழுந்து வாசலுக்கு நடந்தார். அங்கே தாமஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே போலீஸ் வண்டியும் நின்றது.

கிரகாமுக்கு முகம் வெளுத்துவிட்டது. எதிரே இருந்த இரண்டு முதியவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். தாபி குட்டை, சப்பை மூக்கு. கல்தாபா பனைபோல் உயரம். ஒரு துளி ஒற்றுமை இல்லை. தன்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று முணுமுணுத்தார்.

"ஏமாத்துனாங்க, ஒத்துக்கறேன்" என்றார் லெய்வி. அவர் குரல் உயரவில்லை. "எழுபத்தஞ்சு வருசத்துக்கு ஒருத்தர் மண்ண எடுக்குறீங்க. அவரு வீட்டுக்கு ஒரு தடவ போய் நின்னிருக்கலாமே. அவரே உங்க வேலிக்கு வந்தப்ப போலீஸக் கூப்பிட்டீங்க."

கல்சோங்கின் தம்பி எழுந்து அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கல்சோங் நகர்ந்து இடம் கொடுத்தான், ஆனால் அவனைப் பார்க்கவில்லை.

பதிவான குத்தகை தானாகச் சாகாது, வழக்குப் போடவேண்டும், கிரகாம் சாட்சி சொல்லவேண்டும் என்று லெய்வி விளக்கினார். வேலியை அன்றே எடுத்துவிடுவதாகவும், சாட்சி சொல்வதாகவும் கிரகாம் ஒப்புக்கொண்டார்.

கல்தாபா எழுந்து போய் அவருக்கு எதிரே, மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்றார்.

"நான்தான் கல்தாபா. நல்லாப் பாத்துக்க. கோர்ட்டுல கேப்பாங்க."