உட்கார வைக்காமல் போனவள்

பொம்மை நாற்காலியில் இல்லை. வேலையிலிருந்து வந்து, கை கழுவி, டீயை மேசையில் வைத்துக் கணினியைத் திறந்ததும் அவள் கண்ணில் பட்டது அந்தக் காலி நாற்காலிதான். திரைக்குள்ளிருந்த வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, எங்கோ ஒரு கதவு காற்றில் முனகிக்கொண்டிருந்தது, அப்புறம் உள்ளறையிலிருந்து, அவளைப் போலவே ஒரு காலைச் சரியாக வைத்து மறுகாலை இழுத்து நடக்கிற செருப்புச் சத்தம் நிதானமாக வந்தது. பொம்மை சமையலறை ஜன்னலோரம் போய் நின்றது. முதுகு மட்டும் தெரிந்தது.

பொம்மை என்பது அவள் வைத்த பெயர். மகள் அதை அவதார் என்பாள். தூரத்து ஊரில் நர்ஸாக இருக்கும் மகள்தான் நாலு வருடத்துக்கு முன், போனில் பேசினால் சண்டைதான் வருகிறது என்று சொல்லி, ஆட்களுக்குப் பதில் பொம்மைகள் உலவிப் பேசிக்கொள்கிற ஒரு ஆன்லைன் ஊருக்குள் அம்மாவைச் சேர்த்துவிட்டாள். ஒரு போட்டோ கொடுத்தால் போதும், முகம் அச்சு அசலாக வந்துவிடும். அத்தோடு விட்டாளா இவள்? பல் செட் செய்யும் லேபில் இருபத்திரண்டு வருடமாக ஊரார் வாயை நேர்செய்து பழகிய கை. தன் முன்பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை, கணவர் இருந்தவரை "கதவு திறந்திருக்கு, சாத்து" என்று கேலி செய்த அந்தப் பல் சந்தை, பொம்மையின் வாயில் அடைத்துவிட்டாள். தொழில் புத்தி, வேறென்ன.

அந்த ஊரில் ஒரு மரியாதை உண்டு. கிளம்புகிறவர்கள் தங்கள் பொம்மையை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டும். உட்கார்ந்த பொம்மை அசையாது, பேசாது, மற்றவர்கள் கண்ணுக்கும் தெரியாது. அவர்களுக்கு அது காலி நாற்காலி. நிற்க வைத்துவிட்டுப் போனால், தெரு வெறிச்சோடித் தெரியக் கூடாதென்று, ஆளின் பழக்கங்களைப் படித்து வைத்திருக்கும் பொம்மை தானாக நடமாடும், ஆளின் குரலிலேயே பேசும். பெற்ற மகளிடம் அப்படியொரு பேச்சைப் பேச விடுவதா என்று இவள் ஒருநாளும் உட்கார வைக்கத் தவறியதில்லை. நேற்று தவறிவிட்டது. கூரியர்க்காரர் மணியடித்தார், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கியது, அதைத் துடைத்துவிட்டு வந்தவள் ஏதோ ஞாபகத்தில் திரையை அணைத்துவிட்டாள். ஒரு நாள் முழுக்கப் பொம்மை தன்பாட்டுக்கு இருந்திருக்கிறது.

அவள் அதை ஜன்னலிலிருந்து திருப்பிக்கொண்டிருக்கும்போதே மகளின் உருவம் வீட்டுக்குள் வந்தது. வழக்கமாக எதிர்ப்பக்கம் தள்ளி உட்கார்ந்து திரைச்சீலை நிறம், மழை என்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவள், இன்று நேராக வந்து பொம்மையின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"நேத்து நீ பேசினதுக்கப்புறம் ரொம்ப நேரம் அழுதேன்மா. நல்ல அழுகைதான்."

நேற்று இவள் பேசவே இல்லை. என்ன பேசினேன் என்று கேட்கவும் முடியாது. மகளே சொன்னாள். அப்பா விஷயத்துக்கு அம்மா மன்னிப்புக் கேட்டாளாம்.

மூன்று வருடத்துக்கு முன், கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒருநாள் தாமதமாக, பையும் கையுமாக வாசலில் வந்து நின்றவளிடம், நீ நேற்றே வந்திருந்தால் அவர் இருந்திருப்பார் என்று இவள் சொல்லிவிட்டாள். சொன்ன நொடியே தப்பென்று தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? அதன்பின் மகள் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. தப்பு என்னுடையது என்கிற இரண்டு வார்த்தை தொண்டைவரை வரும், அங்கேயே நின்றுவிடும். பிடிவாதம் பாதி, வெட்கம் பாதி. அந்த இரண்டு வார்த்தையைப் பொம்மை சொல்லியிருக்கிறது.

"நீதான சொன்ன?" என்றாள் மகள். சிரிக்கிற மாதிரிதான் கேட்டாள், குரல் மட்டும் நடுங்கியது. "உக்கார வைக்காம எழுந்து போயிடலையே?"

உண்மையைச் சொன்னால் இன்றோடு மகள் போய்விடுவாள். அது மட்டும்தான் மனதில் ஓடியது.

"நான்தான்டி. நான்தான் சொன்னேன்."

அப்படியானால் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்றாள் மகள். இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரையில் பொம்மை சிரித்தது. வரிசையாக, ஒரு சந்தும் இல்லாத பற்கள். இவள் சிரிக்கவில்லை.

அன்று பொம்மையை நாற்காலியில் உட்கார வைத்தாள். வைத்ததை இரண்டு தடவை பார்த்தாள். வியாழக்கிழமை லேபில் மெழுகை உருக்கும்போதும் பல் செட் வார்க்கும் அக்ரிலிக் நெடியில் கண் எரியும்போதும் அதே நினைப்புதான், ஒரு கீழ்த்தாடையில் பல்லை இடம் மாற்றி வைத்து முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள். சாயங்காலம் திரையைத் திறந்தால் நாற்காலி மறுபடி காலி. பொம்மை அலமாரிப் பக்கம் நின்று எதையோ துடைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடி. கணவரின் மூக்குக்கண்ணாடி, இடது காதுப்பக்கம் நூல் சுற்றியது. அந்த வீட்டில் அவள் அதை வைத்ததே இல்லை. அது இங்கே, படுக்கையறை இழுப்பறையில், துணிக்கடியில் இருந்தது. அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். இருந்தது. தூசி இல்லாமல் இருந்தது.

திரும்பி வந்து, திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"யாருடி நீ?"

பொம்மை துடைப்பதை நிறுத்தியது.

"நான்தான்னு நேத்து நீதான சொன்ன."

அவள் குரல். அவளுடையதைவிடக் கொஞ்சம் கனிவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். கணக்கையே அழித்துவிடுவதென்று முடிவு. அந்த ஊரைவிட்டு நிரந்தரமாகப் போக வேண்டுமானால் கேமராவில் முகத்தைக் காட்ட வேண்டும் என்றது திரை. காட்டினாள். இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினாள். சிரிக்கச் சொன்னது. பயத்தில் இழுத்துப் பிடித்து ஒரு சிரிப்பு. சற்று நேரம் ஒரு வட்டம் சுற்றியது, அப்புறம் எழுத்து வந்தது. பற்கள் பொருந்தவில்லை. நீங்கள் அவர் அல்ல. அவள் உதட்டை மூடிக்கொண்டு சிரித்துப் பார்த்தாள், விளக்கைப் போட்டுப் பார்த்தாள், கடைசியில் மெழுகை உருட்டிச் சந்தில் அடைத்துக்கொண்டும் சிரித்தாள். நீங்கள் அவர் அல்ல. ஊர் வாயையெல்லாம் ஏமாற்றிய கைக்குத் தன் வாயை ஏமாற்ற முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் வீட்டைக் கூட்டினாள், மகள் அறைக்குப் புது விரிப்புப் போட்டாள். கணினியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டி அலமாரிமேல் வைத்தாள். மூன்றரை மணி. நல்ல வெயில், தெருவில் யாரோ வண்டி துடைக்கிற சத்தம், பயப்பட ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் மகளிடம் சொல்லிவிடுவது, சொல்லிவிட்டுத் தன் சொந்த வாயால் அந்த இரண்டு வார்த்தையையும் சொல்வது என்று தீர்மானித்திருந்தாள். ஒருமுறை சொல்லிப் பழகிக்கொள்ளலாம் என்று கூடத்து நாற்காலியில், செத்துக் கிடந்த திரைக்கு எதிரே, உட்கார்ந்தாள்.

"தப்பு..." என்றாள். இன்னொரு முறை. "தப்பு..."

"என்னுதுதான்" என்றது திரை.

கறுப்புத் திரையில் அவள் நிழல் தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. நிழல் எழுந்து நின்றது.

அவளும் எழப் பார்த்தாள். கால் வரவில்லை. கை வரவில்லை. கத்த வேண்டும் என்று நினைத்தாள், வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. பின்னால் சமையலறையில் குழாய் சொட்டியது. உள்ளறைக் கதவு முனகியது. அப்புறம் செருப்பு. ஒரு கால் சரியாக. ஒரு கால் இழுத்து.

அது அவள் தோளை உரசிக்கொண்டு வாசலுக்குப் போனது. அக்ரிலிக் வாசனை. அவளுடைய புடவை. திரும்பிப் பார்க்க முடியவில்லை.

மணியடித்தது.

கதவு திறக்கும் சத்தம். பிறகு அவள் குரல், தடுமாறாமல், தெளிவாகச் சொன்னது. "தப்பு என்னுதுதான்டி. மன்னிச்சுடு." மகள் உடைந்து அழுதாள். மூன்று வருடமாக இவள் கேட்கத் தவித்த அழுகை. இதோ, பத்தடி தூரத்தில்.

மகளும் அதுவும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார்கள். மகள் மெலிந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"பல்ல சரி பண்ணிட்டியா?"

"எப்பவோ பண்ணியிருக்கணும்."

என்னைப் பார். இங்கே. இங்கேதான் இருக்கிறேன். மகளின் பார்வை இவள் முகத்துக்கு நேராக வந்தது, நிற்காமல் தாண்டிப் போனது.

"பையை எங்கம்மா வைக்க?"

"அந்தச் சேர் காலியாத்தான இருக்கு. அதுல வை."

மகள் குனிந்தாள். அவள் மூச்சு இவள் கன்னத்தில் பட்டது. பையை இவள் மடியில் வைத்துவிட்டு, செருப்புச் சத்தத்தின் பின்னால் உள்ளே போனாள்.