பவுனம்மாளின் நிறம் முப்பத்து மூன்று

உலகத்தில் பொய் சொல்லத் தெரியாதவை இரண்டே இரண்டு: ஒன்று மரணம், மற்றொன்று முறைப்படி அளவு சரிசெய்யப்பட்ட கணினித் திரை. இந்தப் பொன்மொழியைத் தம்புசாமி தாமே இயற்றி, தாமே அச்சிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் இருந்த தம் ஸ்டூடியோ வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். நூறு வருடம் மங்காது என்று வாடிக்கையாளர்களிடம் அவர் சத்தியம் செய்து கொடுக்கிற அதே தாள்தான். இரண்டாவது வருடமே மஞ்சளடித்துவிட்டது. பக்கத்தில் கோட்டும் டையுமாக அவருடைய ஆளுயர விளம்பரப் படம், 'நிற நிபுணர்' என்ற பட்டத்தோடு. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் படியேறி வந்தவர்கள், உள்ளே தம்புசாமியைக் கண்டதும், "பாஸ் இல்லையாண்ணே?" என்று கேட்பது வழக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் அச்சு இயந்திரத்திலிருந்து மெல்ல நாக்கை நீட்டுவதுபோல் வெளியே வந்தது பவுனம்மாளின் படம். மறுநாள் காலை கிள்ளானில் பதினாறாம் நாள் காரியம். மாலை ஐந்து மணிக்கு மகள் புனிதா வந்து வாங்கிக்கொண்டு போவாள். பின்னணிச் சுவர் சரியாக இருந்தது. மாம்பழ நிறச் சேலை சரி. மூக்குத்தியின் சிவப்புக் கல்கூடச் சரி. முகம் மட்டும் திரையில் இருந்ததைவிட ஒரு மயிரிழை கறுத்திருந்தது.

தம்புசாமிக்கு அது பிடிக்கவில்லை.

இறந்தவர்களின் படத்தை நிறம் தூக்கித் தருவதில் அவரை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கேட்டாலும் தூக்குவார், கேட்காவிட்டாலும் தூக்குவார். அதற்கென்றே கணினியில் ஒரு பொத்தான் செய்து அதற்குக் 'கருணை' என்று பெயரும் வைத்திருந்தார். ஒரு தட்டு தட்டினால் லோரி ஓட்டியவர் பேங்க் மேனேஜராகிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக அவர் கடை வழியாகப் போன எந்தப் பிணமும் சொந்த நிறத்தில் போனதில்லை.

புனிதா புதன்கிழமை வந்தபோதே தெளிவாகச் சொல்லியிருந்தாள். ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். யாரிடமும் தெளிவாகச் சொல்லிப் பழகியவள்.

"அங்கிள், எங்கம்மா கறுப்பு. கறுப்பாவே வேணும்."

"அது எப்படிம்மா, மாலை போட்டு ஹால்ல வெக்கிற படம்..."

"அப்பா படத்த எட்டு வருசத்துக்கு முன்ன நீங்கதான் செஞ்சீங்க. அம்மா அதுக்கு ஒருநாள்கூட வெளக்கு ஏத்தல, தெரியுமா? 'யாரோ ஒரு ஆம்பள படத்த வீட்டுல மாட்டி வச்சிருக்கீங்க'ன்னு சொல்லும். எனக்கு அந்த மாதிரி வேணாம் லா." முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டினாள். "நான் அம்மா நிறந்தான். அளந்துக்குங்க."

அளந்தார். உள்ளங்கையளவு கருவி, தோல்மேல் வைத்து அழுத்தினால் எண் காட்டும். பூச்சியம் என்றால் மையிருட்டு, நூறு என்றால் அப்பட்டமான வெள்ளை. புனிதாவின் கை முப்பத்து மூன்று. ஒரு துண்டுச் சீட்டில் பயபக்தியோடு எழுதித் திரையோரம் ஒட்டினார். அவள் படியிறங்கியதும் கருணையைத் தட்டினார். பவுனம்மாளின் முகம் நாற்பத்தேழுக்கு ஏறியது. சின்னப் பிள்ளை, விவரம் தெரியாது. நாளைக்கு நாலு பேர் பாராட்டும்போது புரிந்துகொள்ளும்.

இப்போது அச்சில் வந்த முகத்தை அளந்தால் நாற்பத்து நான்கு.

மையைக் குறை சொன்னார். இயந்திரத்தைச் சுத்தம் செய்தார். சோதனைக்காக நிறக் கட்டங்கள் நிறைந்த தாள் ஒன்றை அச்சிட்டு ஒவ்வொரு கட்டத்தையும் அளந்தார். சிவப்பு சிவப்பாக, பச்சை பச்சையாக, ஒன்றுகூடப் பிசகாமல் அத்தனையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையில் நின்றன. நிம்மதியோடு பவுனம்மாளை மறுபடி அனுப்பினார். நிறம் கண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்று சுவர், கூரை, கதவு எல்லாவற்றுக்கும் சாம்பல் வண்ணம் அடித்த அந்த ஜன்னலில்லாத அறையில், வெளியே மோனோரயில் வளைவில் கிறீச்சிடுவதும், கீழே மீன்தலைக் குழம்பு கொதிக்கிற வாசனையும், இயந்திரத்தின் தலை தாள்மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யாரோ மூச்சுவிடுவதுபோல் போய்வருவதும் அவருக்குப் பழகிப்போனவைதான். ஆனால் இன்றைக்கு அந்த மூச்சோடு, லேசாக, கோடாலித் தைலத்தின் நெடி கலந்திருந்தது. கடையில் யாரும் தைலம் தடவுவதில்லை.

நாற்பத்தொன்று.

கைபேசி அடித்தது. புனிதா.

"அங்கிள், ஃபெடரல் ஹைவேயில செம ஜாம். அஞ்சுக்குள்ள வந்துருவேன். படம் ஓக்கேவா?"

"ஓக்கேம்மா."

"கறுப்பாத்தான இருக்கு?"

"அளந்து வச்சிருக்கேன்மா. கண்ணால பாக்கிற ஆளு இல்ல நானு."

"தேங்க்ஸ் அங்கிள். மூணு நாளா அம்மா கனவுல, அதே கோடாலித் தைல வாசத்தோட வந்து ஒரே கேள்வி. 'என் நிறம் யாருகிட்ட இருக்கு'ன்னு. நல்லவேள, உங்ககிட்ட இருக்குன்னு சொல்லிட்டேன்."

சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். தம்புசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டுச் சீட்டைப் பார்த்தார். முப்பத்து மூன்று. பொத்தானைப் பார்த்தார். ஒரே ஒரு தட்டில் பழைய நிறத்துக்குத் திருப்பிவிடலாம். ஆனால் திருப்பினால் இயந்திரம் ஜெயித்ததாகிவிடும். இருபத்திரண்டு வருட நிபுணத்துவம் ஓர் இயந்திரத்திடம் தோற்பதா? படம் தானாகவே வாடிக்கையாளர் கேட்ட நிறத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பழுது என்று கருதிய ஒரே ஆள் அவர்தான்.

மூன்றாவது முறை அனுப்பினார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தாள் வந்தது. முப்பத்தெட்டு. பவுனம்மாளின் கண் இதுவரை கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதும் கேமராவைத்தான் பார்த்தது. ஆனால் கேமரா இருந்த இடத்தில் அவர் இருந்தார்.

படத்தைப் பிடித்திருந்த விரல்களில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. தாளின் தூள். வேட்டியில் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. கட்டைவிரலில் தொடங்கி மணிக்கட்டுவரை, தேய்த்துத் தேய்த்து வெளுத்த துணிபோல் இருந்தது.

கருவி வாங்கிய முதல் நாள் கடையில் கிடந்த அத்தனையையும் அளந்து பார்த்தவர் அவர்; சுவர், தேத்தாரே டீ, காலண்டர் முருகன், கடைசியாகத் தம் மணிக்கட்டு. முப்பத்தாறு. அந்த எண்ணை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது மணிக்கட்டில் வைத்து அழுத்தினார்.

ஐம்பத்து நான்கு.

முதல் படத்தில் குறைந்த மூன்று அவரிடம் கூடியிருந்தது. இரண்டாவதில் ஆறு. மூன்றாவதில் ஒன்பது. ஆக பதினெட்டு. முப்பத்தாறும் பதினெட்டும் ஐம்பத்து நான்கு. எங்கும் ஓர் எண்கூட உதைக்கவில்லை. மைக்குப்பிகளைப் பார்த்தார். மூன்று படம் அச்சிட்டும் பழுப்புக்கு வேண்டிய மை ஒரு கோடுகூட இறங்கவில்லை.

பயந்துவிட்டார். பயந்த மனிதர் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார்; தடயத்தை அழிக்கப் பார்த்தார். கருணையைத் தேர்ந்தெடுத்து 'நீக்கு' என்று கொடுத்தார். திரையில் ஒரு கட்டம் எழும்பிக் கேட்டது: இதை நீக்கினால் இது பட்ட எல்லாப் படங்களும் பழைய நிறத்துக்குத் திரும்பும், சம்மதமா? அவசரத்தில் 'எல்லா' என்ற சொல்லை அவர் படிக்கவில்லை.

சம்மதித்தார்.

இயந்திரம் ஒரு கணம் ஓய்ந்தது. பிறகு தானாகத் தாளை இழுத்தது. பவுனம்மாள், நான்காவது முறை. முப்பத்து மூன்று. துல்லியம். புனிதாவின் கையேதான். அப்பாடா என்று மூச்சுவிடப்போனார். தைல நெடி இப்போது காதருகே வந்தது.

இயந்திரம் நிற்கவில்லை.

அடுத்த தாள். நெற்றி. புருவம். ஒரு மீசை. எட்டு வருடத்துக்கு முந்திய அய்யாவு, பவுனம்மாளின் புருசன், மேனேஜர் உத்தியோகத்திலிருந்து இறங்கி லோரி ஓட்டிய கறுப்போடு வந்துகொண்டிருந்தார். திரையில் அச்சுக்குக் காத்திருப்போர் வரிசை விரிந்தது. கன்னையா. மலர். இன்னொரு கன்னையா. பெயர்கள் கீழே ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. வரிசையில் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

மின்கம்பியைப் பிடுங்கி, மெயின் சுவிட்சையும் இறக்கினார். விளக்குகள் அணைந்தன. இயந்திரத்தின் தலை மட்டும் போய்வந்தது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

மணிக்கட்டு: எண்பத்திரண்டு.

கதவுக்குப் போக வேண்டும். காலைத் தூக்கினார். கால் வந்தது, எடையில்லாமல். ஓரம் மடங்கியது. வரவேற்பறைவரை போனார். அதற்குமேல் முடியவில்லை. முழங்கால் வளைய மறுத்தது. கையிலிருந்த கருவி மட்டும் ஒளிர்ந்தது. தொண்ணூற்றைந்து. அந்த எண் அவருக்கு மனப்பாடம்.

தாளின் வெள்ளை.

படியில் செருப்புச் சத்தம். நனைந்த குடையை உதறியபடி புனிதா உள்ளே வந்தாள்.

"அங்கிள்? அங்கிள், லைட் இல்லையா?"

வாயைத் திறந்தார். தாள் கசங்குகிற ஓசை.

அவள் கைபேசி விளக்கைப் போட்டு உள்ளறைக்குப் போனாள். பிறகு விசும்பல். இரண்டு படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அம்மா... அப்பாவும் வந்துட்டாரு பாரு. இது அப்பாதான். சத்தியமா அப்பாதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பிக்கு அழைத்தாள்.

"பிரவின், படம் கெடச்சுருச்சு. அச்சு அசல்டா. அப்பா படத்தையும் திருத்தி வச்சிருக்காரு, மனுசன் தங்கம். ஆள்தான் இல்ல. அவரோட கட்அவுட் ஒண்ணு நிக்குது." விளக்கை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவரால் கண்ணைச் சிமிட்ட முடியவில்லை. "ஐயே, இதுல என்னடா இவ்வளவு வெள்ள! வாசல்ல இருக்கிறது பத்தாதா? வெக்கமே இல்ல லா."

காற்றில் சாய்ந்துவிடாமல் இருக்க, போகிறபோது ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு அண்டை கொடுத்துவிட்டுப் போனாள்.

வாசல் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தலை போய்வந்தது. மலர் வந்துகொண்டிருந்தாள். அவர் நின்ற இடத்திலிருந்து திரை தெரிந்தது. கம்பி பிடுங்கிய பிறகும் அது ஒளிர்ந்தது, பெயர்கள் நகர்ந்துகொண்டே போய் வரிசையின் அடியில் நின்றன.

கடைசிப் பெயர் தம்புசாமி. வாசலில் தொங்கும் விளம்பரப் படம், சொந்த நிறத்துக்குத் திரும்பக் காத்திருந்தது. அதற்கு அவர் கருணையை இரண்டு முறை தட்டியிருந்தார்.