கரையாத சந்தனம்

முன்னால் போகிற தலையில் சந்தனம் கரையவே இல்லை.

கவிப்பிரியா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி மழை மலை முழுக்கச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. மணி நாலுதான், ஆனால் விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு. பாசி வாசனை, அழுகின இலை வாசனை, எங்கேயோ பாறை இடுக்கில் தண்ணீர் மடக் மடக்கென்று இறங்குகிற சத்தம். இத்தனைக்கும் நடுவில் வழுக்காமல் காலை ஒவ்வொன்றாகப் பார்த்து வைக்கிறவளுக்கு, முன்னால் போகிறவன் தலையைப் பார்க்க நேரமேது? ஆனாலும் கண்ணில் பட்டுவிட்டது. காலையில் திருத்தணியில் மொட்டை போட்ட மூன்று பேருக்கும் ஒரே கிண்ணத்துச் சந்தனத்தைத்தான் பூசினார்கள். அவள் தலையில் இருந்தது மழை பிடித்த ஐந்தாவது நிமிஷமே பிடரி வழியாக ஓடி, சுடிதார் கழுத்தை மஞ்சளாக்கிவிட்டுப் போய்விட்டது. முன்னால் இருந்த தலையிலோ, பூசி வெயிலில் உலர்த்தின மாதிரி, மெல்லிய வெடிப்பு விட்டுக் காய்ந்து கிடந்தது.

பாவாவுக்கு மட்டும் கெட்டியாக அப்பிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, பின்பக்கம் நீண்டிருந்த அவன் கையைப் பிடித்தபடியே நடந்தாள்.

பாவா என்றது பூபாலனை. மாமன் மகன். அவனோடு தையில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. ஆவணியில் அவனுக்கு டெங்கு கண்டு, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒன்பதாம் நாள் டாக்டர், "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "இவன் எழுந்து வந்தான்னா என் முடிய உனக்குத் தர்றேன் முருகா. வரலைன்னா உன் மலைப் பக்கமே திரும்ப மாட்டேன், பாத்துக்கோ" என்று சாமியோடு சண்டை பிடித்தாள். இரண்டு ராத்திரி அந்தக் கையை விடவில்லை. பதினோராம் நாள் அவன் கண் விழித்து, கை மரத்துப் போச்சு என்றான்.

"கல்யாணத்த வச்சிகினு எவளாவது மொட்ட போடுவாளாடி?" என்று அம்மா மணியம்மை தலையில் அடித்துக்கொண்டாள்.

"முடி போனா வளரும். ஆளு போனா வளருமா?" என்றாள் மகள்.

பூபாலனின் சிநேகிதன் பங்காருவும் அதே வேண்டுதல் வைத்திருந்தான். திருத்தணியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மூன்று மொட்டையும் படியிறங்கினதும், "நேரா வீட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறோம்? எல்லைக்கு அந்தாண்ட ஒரு அருவி கீது, இந்த மழைக்குச் சும்மா கொட்டும்" என்று கிளப்பிவிட்டவன் அவன்தான். பஸ் ஸ்டாண்டில் ஒரே மாதிரி மூன்று நீல மழைக்கோட்டு வாங்கினார்கள்.

அருவியில் இறங்க முடியவில்லை. செம்மண் கலங்கி, பாறையைப் பிளக்கிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. தூர நின்று பார்த்தார்கள். அப்போதுதான் பங்காரு சொன்னான்: "ரெண்டு வருசம் முன்னாடி இதே ஐப்பசில ஏழு பேரு, நம்மள மாதிரியே திருத்தணில மொட்ட போட்டுக்கினு இங்க வந்தாங்களாம். மேல பேஞ்ச மழ தெரியல. வெள்ளம் வந்து ஒரே அடி. ஒருத்தன்கூட கெடைக்கல."

"கூட்டிக்கினு வந்துட்டு இப்ப சொல்ற பாரு, நீ நல்லா இருப்படா நைனா" என்றான் பூபாலன்.

இறங்கும்போது பங்காரு டார்ச்சோடு முன்னே போய்விட்டான். பாதி வழியில் பூபாலனுக்குச் செருப்பு வார் அறுந்தது. "நீ போயிகினே இரு, பின்னாடியே வந்துடறேன்." அவள் பத்தடி தள்ளி ஒரு மரத்தடியில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் நீலக் கோட்டு பேசாமல் அவளைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டியது. பிடித்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது. மழை, என்று நினைத்தாள் பாவம்.

"வாரு கட்டியாச்சா பாவா?"

கை மட்டும் அவளை இழுத்துக்கொண்டு போனது.

அப்போதுதான் கவனித்தாள். சேற்றில் சளக் சளக்கென்று ஒரு ஜோடிக் கால்தான் கேட்கிறது. அவளுடையது.

காலையில் சவரக் கத்தி அவன் இடது காதுக்குப் பின்னால் கீறியிருந்தது. அதற்கு அவன் குழந்தை மாதிரி முகம் சுளித்ததும், அவள் கேலி பண்ணினதும் ஞாபகம் வந்தது. மின்னல் வெட்டியது. காதுக்குப் பின்னால் பார்த்தாள். கீறல் இல்லை. மொழுமொழுவென்று சந்தனம். தோளில் கிடந்தது மழைக்கோட்டும் இல்லை. வெகுநாள் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன, பாசி ஏறிய ஏதோ நீலம்.

மேலே, வெகு தூரத்தில், அருவிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"கவி... நில்லு கவி... டேய், யார்ரா நீங்க, கைய விடுங்கடா..."

பூபாலன் குரல்.

அவள் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. விரல் விரலாக. தெரிந்துவிட்டது அதற்கு. நழுவப் பார்க்கிறது. விட்டுவிட்டு ஓடியிருக்கலாம், கீழே நூறடியில் ரோடு. ஆனால் அந்தக் கை நழுவின மாத்திரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிடித்த பிடி அவள் விரல்களுக்குத் தானாக வந்துவிட்டது.

பிடித்தாள். மணிக்கட்டோடு சேர்த்து.

அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தத்தில் பிறந்தவள். அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிந்துவிடுவாள். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. துப்பட்டாவை உருவி, அந்த மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றி, அதே முடிச்சைப் போட்டாள்.

அது இழுத்தது. முடிச்சு இறுகியது.

கீழிருந்து டார்ச் வெளிச்சம் ஏறி வந்தது. பங்காரு.

"இன்னா இவ்ளோ நேரம்? பூபாலன் எங்க..." வெளிச்சம் நின்றது. "கவி. யாரு கைய புடிச்சிகினு கீற?"

"நீ சொன்னியே, அந்த ஏழு பேர்ல ஒருத்தன்."

"விட்ரு. விட்டுட்டு வந்துரு தங்கச்சி."

"பாவா மேல கீறாரு. அவர அவங்க விடட்டும், நான் இத விடறேன்."

அந்தத் தலை அப்போதுதான் திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்திலும் சந்தனம். கண், மூக்கு, வாய், எல்லாவற்றின் மேலும் பூசி, காய்ந்து, நடுவில் ஒரே ஒரு வெடிப்பு.

டார்ச் கீழே விழுந்தது. பங்காருவின் கால்கள் சரிவில் சரசரவென்று ஓடுவது கேட்டது. அவனைத் திட்டத் தோன்றவில்லை அவளுக்கு. டார்ச் சேற்றில் கிடந்து பாதையை மேல்நோக்கிக் காட்டியது.

குரல் நின்றுவிட்டது.

வந்தார்கள்.

ஒற்றை வரிசையில். ஆறு தலை. கொட்டுகிற மழையில் ஒரு சொட்டு நனையாத ஆறு மஞ்சள் தலை. நடுவில் ஏழாவதாக ஒன்று, நனைந்து பளபளத்தது. காதுக்குப் பின்னால் ரத்தம் கசிந்தது. வெறும் கால். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முன்னும் பின்னுமாக இரண்டு பேர் அவன் கையைப் பிடித்திருந்தார்கள்.

பத்தடியில் நின்றார்கள்.

"மொதல்ல அவர விடுங்க" என்றாள்.

முடிச்சுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒரு தடவ சாமிகிட்டயே விடல. உங்ககிட்ட விடுவனா?"

யாரும் அசையவில்லை. அப்போது பார்த்தாள். பூபாலனின் உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நெற்றிப் பக்கம் அகன்றது. மழைத் துளி அதன் மேல் விழுந்து, ஒட்டாமல் உருண்டது.

தன் கையைப் பார்த்தாள். முடிச்சுக்கு மேலே, முழங்கை வரைக்கும், காய்ந்த சந்தனம். வலிக்கவில்லை. மணந்தது. தோள் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

கவிப்பிரியா காலை அகட்டி ஊன்றினாள். துப்பட்டாவின் மிச்ச நுனியைப் பல்லில் கடித்து இழுத்து, இரண்டாவது முடிச்சைப் போட்டாள்.